சீட்டுக்கு அடியில் சீட்டு

எழுத்து ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

திரையில் நாலாம் அறைக்கான கட்டத்தில் ‘யாரும் இல்லை’ என்று பச்சை நிறத்தில் பளிச்சென்று இருந்தது. அது சரிதான். ஆனால் அந்த வரி முடிந்த பிறகு, வெறும் சாம்பலாக இருக்க வேண்டிய இடத்தில், ஒரு சிவப்பு ‘ர்’ தனியாக நின்றது. அதன் இடது ஓரத்தில் துணைக்கால் ஒன்று பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தது. கதவிடுக்கில் சிக்கிக்கொண்ட சட்டை நுனி மாதிரி இருந்தது அது.

“காலையிலேர்ந்து இப்படித்தான்மா இருக்கு. வாலோட இருக்கறத நான் எப்படி வாசிக்கறது? நீங்களே வந்து வெட்டி விட்டாத்தான் உண்டு” என்று கிடங்கு மேனேஜர் மதியம் போனில் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. வேறு யாராவது என்றால் அந்த வாலைக் கண்டுகொண்டிருக்கவே மாட்டார்கள். இந்த மனிதர் வேறு ரகம்.

அது பழக் கிடங்கு. ஆறு பெரிய அறைகள். பறித்த பிறகும் பழம் மூச்சு விடும். மூச்சு விட்டு விட்டுத்தான் பழுத்து அழுகும். அறையை இறுக மூடி, உள்ளே இருக்கும் ஆக்சிஜனை எடுத்துவிட்டு நைட்ரஜனை நிரப்பினால் பழம் அப்படியே தூங்கிப் போய்விடும். ஆறு மாதம் கழித்து எடுத்தாலும் நேற்றுப் பறித்த மாதிரி இருக்கும். அந்தக் காற்றில் மனிதன் மாட்டிக்கொண்டால் எழுந்திருக்க மாட்டான். அதனால் கிடங்கில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். காற்றை மாற்றும் இயந்திரத்தை ஓட்டுவதற்கு முன்னால் மேனேஜர் திரையில் விரலை வைத்து அந்த அறைக்கான வரியை உரக்க வாசிப்பார். அறையை விட்டுக் கடைசியாக வெளியே வந்தவர் பக்கத்தில் நின்று ‘ஆமா’ சொல்ல வேண்டும். பிறகுதான் சாவி திரும்பும். திரையில் இருப்பதில் மேனேஜர் ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். கிடங்கில் அவருக்குப் பட்டப்பெயரே ‘வாசிப்பு’தான்.

திரையில் ஓடிய அந்தப் புரோகிராமை எழுதியவள் அவள். இரண்டு வருடத்துக்கு முன்னால், கற்றுக்கொண்டிருந்த காலத்தில், காசு வாங்காமல் எழுதிக் கொடுத்தது. அதைக் காட்டித்தான் தம்பிக்கு இங்கே மெக்கானிக் வேலை வாங்கினாள். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, இவளுக்கு இருபது. அதன் பிறகு அவனுக்குத் தலை வாரி விட்டது, பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கியது, ராத்திரி காய்ச்சலுக்கு நெற்றியில் துணி வைத்தது எல்லாம் இவள்தான். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு அவன் ஒருவன்தான் இருந்தான்.

அந்தத் தம்பி இப்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். குளிர் அறைக்குப் போட்டுக்கொள்ளும் கனத்த கோட்டை இன்னும் கழற்றவில்லை. கழுத்தில் கார்டு தொங்கியது.

கன்ட்ரோல் ரூம் நாற்காலிகள் இரண்டும் பழசு. உட்கார்ந்தால் ‘புஸ்ஸ்’ என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு நாலு விரல் இறங்கும். தம்பி வேண்டுமென்றே பொத்தென்று விழுந்து அந்தச் சத்தத்தை வரவழைத்துவிட்டு, தன்மேல் பழி வராதபடி அவளையே முறைப்பான். எத்தனையோ தடவை பார்த்த கூத்து. இன்றைக்கு அவள் உட்கார்ந்ததும் நாற்காலி வழக்கம்போல் பெருமூச்சு விட்டது. அவன் உட்கார்ந்தபோது சத்தமே இல்லை. எண்ணெய் விட்டிருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு அவள் விசைப்பலகையை இழுத்தாள்.

“என்னடா, பேச்சே காணோம்?”

“ஒண்ணுமில்லக்கா.”

அக்கா. அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டு வருடக்கணக்காகிறது. ‘டீச்சர்’ என்பான். ‘ஹெட்மாஸ்டர்’ என்பான். காசு வேண்டுமென்றால் மட்டும் ‘தெய்வமே’ என்பான். சண்டை ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று அவள் யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

வாலுக்கான காரணம் ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. பழைய நிரலைத் திறந்து படித்தபோது அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. திரையில் ஒரு வரி நொடிக்கு ஒரு தடவை மாற வேண்டும் என்றால், ஒரே ஒரு சீட்டை வைத்துக்கொண்டு அதில் உள்ள எழுத்தை மட்டும் மாற்ற வேண்டும். கற்றுக்குட்டி அவள் என்ன செய்திருந்தாள் என்றால், ஒவ்வொரு நொடியும் புதுச் சீட்டு ஒன்றை எழுதிப் பழைய சீட்டின்மேல் ஒட்டியிருந்தாள். பழையதைக் கிழிக்கவே இல்லை. சுவரொட்டிமேல் சுவரொட்டி ஒட்டிக்கொண்டே போகிற கதை. காலை எட்டு மணியிலிருந்து இதுவரை ஆயிரக்கணக்கான சீட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. சாயங்காலத்துக்குள் கம்ப்யூட்டர் மூச்சு முட்டி நின்றுவிடும் என்பதால், தினமும் காலையில் அதை அணைத்து மறுபடி போடுவதற்குக் கிடங்கில் ‘குளிப்பாட்டுறது’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஏன் குளிப்பாட்ட வேண்டியிருக்கிறது என்று யாரும் அவளைக் கேட்கவில்லை.

இன்னொரு கோளாறும் இருந்தது. நாலாம் அறைக்குள் ஆள் இருக்கிறாரா என்பதை இரண்டு வழியாகத் தெரிந்துகொள்ளும்படி வைத்திருந்தாள். ஒன்று, உள்ளே போகும்போதும் வரும்போதும் சுவரில் தேய்க்கும் கார்டு. மற்றொன்று, வாசலில் தரையோடு தரையாகப் பதித்த எடைத் தட்டு. தட்டுக்கு இரண்டு பாதி. கதவு மூடினால் ஒரு பாதி வெளியே இருக்கும், ஒரு பாதி உள்ளே இருக்கும். வெளிப்பாதியை மிதித்து உள்பாதியை மிதித்தால் ஒருவர் போனார் என்று அர்த்தம். மாற்றி மிதித்தால் வந்துவிட்டார். நொடிக்கு ஒரு தடவை தட்டு ஒரு சீட்டு ஒட்டும். இமைக்கும் நேரத்தில் அதே இடத்தில் கார்டு தன் சீட்டை ஒட்டும். இரண்டு வருடமும் இரண்டு சீட்டும் ஒன்றையே சொன்னதால் அடிச்சீட்டு யார் கண்ணுக்கும் படவில்லை.

இன்றைக்கு இரண்டும் வேறு வேறு சொல்கின்றன. அடியில் இருப்பது நீளமான வரி. அதனால்தான் ஓரம் தெரிகிறது.

மேல்சீட்டை உரிப்பதற்கு அவள் நாலு வரி எழுதினாள். ஒரு பட்டனைத் தட்டினால் ஒரு சீட்டு போகும்.

தட்டினாள். ‘யாரும் இல்லை’ போனது.

‘ஒருவர் உள்ளார்.’

அதையும் உரித்தாள். யாரும் இல்லை. அதன் அடியில், ஒருவர் உள்ளார். யாரும் இல்லை. ஒருவர் உள்ளார். பட்டனை அழுத்தியே பிடித்தாள். பச்சையும் சிவப்பும் மாறி மாறித் துடித்தன; மூலையில் இருந்த சிறிய கடிகார எண் பின்னோக்கி ஓடியது. இரண்டு மணி, ஒன்று, பன்னிரண்டு, பதினொன்று. பத்து ஐம்பதில் துடிப்பு நின்றது. அதற்கு முன்னால் இருந்த அரை மணி நேரச் சீட்டுகளில் இரண்டுமே சிவப்பு. பத்து இருபதுக்கு முன்னால் இரண்டுமே பச்சை.

“பத்து இருபதுக்கு நீதானே உள்ள போன?”

“ஆமாக்கா. உள்பக்கக் கைப்பிடி கழண்டு கிடந்தது. மாட்டிட்டு, பத்து அம்பதுக்கு வந்துட்டேன்.”

“வேற யாராவது?”

யாரும் இல்லையாம். அடுக்கியவர்கள் ஆறு பேரும் பத்து மணிக்கே கையெழுத்துப் போட்டு லாரியில் போய்விட்டார்கள் என்று வாசல்படியில் நின்றிருந்த மேனேஜர் சொன்னார். ஆறு கையெழுத்தையும் காட்டினார். நாலு மணிக்குள் காற்றை மாற்றாவிட்டால் மேல் அடுக்குப் பழம் இளக ஆரம்பித்துவிடும் என்று சொல்லி மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார்.

அப்படியானால் தட்டு சொல்வது ஒரே ஒரு விஷயம். பத்து இருபதுக்கு உள்ளே போன ஆள் அதை மிதித்துக்கொண்டு வெளியே வரவில்லை.

“தாண்டி வந்தியா?” என்று கேட்டாள். கையில் சாமானோடு வந்தால் தட்டைத் தாண்டிக் குதித்திருக்கலாம்.

அவன் தலையை லேசாகச் சாய்த்தான். அவள் கேட்டதை எடுத்து ஒரு தடவை உள்ளுக்குள் வைத்துப் பார்த்தது மாதிரி இருந்தது. பிறகு, “தாண்டித்தான் வந்தேன்” என்றான்.

நல்ல பதில். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற பதில். அதை எடுத்துக்கொண்டு வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அவளுக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பதிலை அவளே அவன் வாயில் ஊட்டிவிட்ட மாதிரி உறுத்தியது.

ஒரு தடவை கதவைத் திறந்து பார்த்துவிடலாமே என்றாள். மேனேஜர் பதறிப்போனார். விளிம்பு முழுக்கப் பசை பூசியாகிவிட்டது, தம்பிதான் காலையிலேயே பூசினான், திறந்தால் குளிர் போய்விடும், மறுபடி குளிர வைப்பதற்குள் இருட்டிவிடும் என்றார். அதற்குப் பதிலாக மேல் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். அறையின் உச்சியில், கூரையை ஒட்டி ஒரு கண்ணாடி உண்டு. இரும்புப் படியேறிப் போய் விளக்கைப் போட்டால் உள்ளே தெரியும்.

“நான் பாத்துட்டு வரேன்” என்று தம்பி எழுந்தான்.

அவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குளிர் இயந்திரத்தின் ரீங்காரம். மேனேஜரின் செருப்பு தேயும் சத்தம். எங்கேயோ தண்ணீர் சொட்டியது. ஈர அட்டைப் பெட்டியும் பழமும் கலந்த புளித்த வாசனை கதவு வழியாக வந்துகொண்டிருந்தது. இரும்புப் படி பதினெட்டு உண்டு. பூனை ஏறினாலும் கணகணவென்று கிடங்கு முழுக்கக் கேட்கும். அவளுக்கு ஒரு படிகூடக் கேட்கவில்லை.

மூன்று நிமிடத்தில் வந்தான்.

“யாரும் இல்லக்கா.”

ஏறவே இல்லையோ? சோம்பேறித்தனத்தில் படிக்குக் கீழே நின்றுவிட்டு வந்தானோ? இதுவரை அவன் அப்படிச் செய்ததில்லை. வேலையில் அவன்மேல் குற்றம் சொல்ல முடியாது, வாய்தான் நீளம். அந்த வாயும் இன்று மூடியிருக்கிறது. எதையாவது மறைக்கிறான். வெளியே சொல்ல முடியாத தப்பு எதையோ செய்துவிட்டு, அக்காவிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று பார்க்கிறான். அப்படித்தான் அவளுக்குப் பட்டது. அவள் அவனைச் சந்தேகப்பட்டாள். ஆனால் தப்பான விஷயத்துக்குச் சந்தேகப்பட்டாள்.

நாலாம் அறைக் கதவுக்கு அவளே போனாள். அவனும் கூடவே வந்தான். கதவு ஒரு சாண் தடிமன். உள்ளே வெடி வெடித்தாலும் வெளியே கேட்காது. கீழே தட்டின் வெளிப்பாதி ஈரத்தில் மினுங்கியது. அவள் அதில் ஏறி நின்றாள். சுவரில், வெளிப்பாதியின் எடையைக் காட்டும் சிறிய பெட்டியில் ஐம்பத்தேழு என்று விழுந்தது. தட்டு வேலை செய்கிறது.

நின்ற இடத்தில் உள்ளங்காலுக்கு அடியில் லேசாக ஏதோ அதிர்ந்தது. டப். டப். டப். அறைக்கு அந்தப்புறம் குளிர் இயந்திரத்தின் ஓட்டமாக இருக்கும்.

“நீ ஏறி நில்லு” என்றாள்.

“எதுக்குக்கா? உன்னோடதே சரியாக் காட்டுதே.”

“சும்மா நில்லேன்டா.”

அவன் சிரித்தான். அவனுடைய சிரிப்புதான், இடது பக்கம் மட்டும் ஏறுகிற சிரிப்பு. ஆனால் ஏறிய பக்கம் இறங்குவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது. “நேரமாச்சுக்கா. எழுத்துதானே, மாத்தி விட்டுரு” என்றான்.

மேனேஜரும் பின்னாலிருந்து கூப்பிட்டுவிட்டார்.

திரும்ப வந்து உட்கார்ந்தபோது மணி மூன்று. இனி ஒரே சீட்டு. அதில் எழுத்து மட்டும் மாறும். இரண்டு பேர் எழுத முடியாது. ஒருவர்தான் எழுத வேண்டும். கார்டா, தட்டா? இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. ஒரு பக்கம், கார்டைத் தேய்த்துவிட்டு வெளியே வந்து கண் முன்னால் முழு ஆளாக உட்கார்ந்திருக்கும் தம்பி. இன்னொரு பக்கம், தரையில் கிடக்கும் ஒரு இரும்புத் துண்டு. யாராக இருந்தாலும் எதை நம்புவார்கள்? அவள் தட்டின் வரியை நிறுத்தி வைத்தாள். புரோகிராமை மறுபடி ஓட்டினாள்.

‘யாரும் இல்லை.’

வால் இல்லை. சுத்தமாக இருந்தது. நொடிக்கு நொடி அதே இடத்தில் அதே எழுத்து புதிதாக வந்தது, வருவதே தெரியவில்லை.

மேனேஜர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, திரையில் விரலை வைத்தார். “நாலாம் அறை. யாரும் இல்லை.”

“ஆமா” என்றான் தம்பி.

சாவி திரும்பியது. சுவருக்கு அந்தப்புறம் பெரிய இயந்திரம் கனைத்துக்கொண்டு ஓடத் தொடங்கியது. ஓட்டவும் நிறுத்தவும் அந்த ஒரே சாவிதான்; மேனேஜர் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, லாரி வந்துவிட்டதென்று எடை மேடைக்குக் கிளம்பினார். போகும்போது அவளுக்கு இரண்டு தடவை நன்றி சொன்னார். திரையில் ஆக்சிஜன் இருபதரை சதவீதமாக இருந்தது, பத்தொன்பதானது, பதினேழரைக்கு இறங்கியது.

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். தம்பி எழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கோட்டுப் பையிலிருந்து இரும்பு முனை ஒன்று துருத்திக்கொண்டு நின்றது. வளைந்த, கட்டைவிரல் பருமனான முனை. அவளுக்கு அது என்னவென்று தெரியும். ஒவ்வொரு அறைக் கதவுக்கும் உள்பக்கம் இந்தக் கைப்பிடி ஒன்று மாட்டியிருக்கும். மாட்டிக்கொண்டவர்கள் உள்ளிருந்து திறப்பதற்காக.

மாட்டிட்டு வந்தேன் என்றானே.

அவள் பையைக் கீழே வைத்தாள். மெதுவாக உட்கார்ந்தாள். நாற்காலி பெருமூச்சு விட்டது.

தட்டின் வரியை மட்டும்தான் அவள் நிறுத்தியிருந்தாள். தட்டு அனுப்பும் எண்கள் தனியே ஒரு கோப்பில் விழுந்துகொண்டுதான் இருக்கும். யார் மிதித்தாலும் எந்தப் பாதி, எத்தனை கிலோ என்று பதிவாகும். அதை யாரும் திறந்து பார்த்ததில்லை. அவளும்தான்.

திறந்தாள்.

பத்து இருபது. வெளிப்பாதி, அறுபத்தெட்டு. உள்பாதி, அறுபத்தெட்டு. தம்பியின் எடை. பத்து ஐம்பது. ஒன்றும் இல்லை. கார்டு தேய்த்த அந்த நேரத்தில் தட்டின்மேல் ஒரு இறகு விழுந்த அளவுகூட இல்லை.

பத்து ஐம்பத்து மூன்று. உள்பாதி, அறுபத்தெட்டு.

உள்பாதி, அறுபத்தெட்டு. உள்பாதி, அறுபத்தெட்டு. உள்பாதி, அறுபத்தெட்டு.

பக்கத்தைத் தள்ளினாள். அதே வரி. இன்னொரு பக்கம். அதே வரி. பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. நொடிக்கு இரண்டு மிதி, மூன்று மிதி. நடுவில் ஓய்வெடுத்த மாதிரி சில நிமிடங்கள். பிறகு மறுபடி. மூடிய கதவுக்கு உள்ளே, இருட்டில், ஒருவன் அந்தத் தட்டின்மேல் நின்று குதித்துக்கொண்டே இருந்திருக்கிறான். கத்தினால் கேட்காது என்று அவனுக்குத் தெரியும். தட்டிலிருந்து ஒரு கம்பி அக்காவின் திரைக்குப் போகிறது என்பதும் தெரியும். அக்கா பார்ப்பாள். அவள் பார்க்காமல் இருக்க மாட்டாள்.

இரண்டு நாற்பது. அவள் வெளிப்பாதியில் ஏறி நின்ற நேரம். ஐம்பத்தேழு என்ற வரிக்கு மேலும் கீழும் அறுபத்தெட்டு, அறுபத்தெட்டு, அறுபத்தெட்டு. அவள் காலுக்கு அடியில் டப் டப் என்றது இயந்திரம் இல்லை.

கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அசையவில்லை என்பது மட்டும் ஓரக்கண்ணில் தெரிந்தது.

கோப்பின் கடைசிக்குப் போனாள். மூன்று முப்பத்தொன்று. உள்பாதி, அறுபத்தெட்டு. பத்து நொடி இடைவெளி. அறுபத்தெட்டு. இருபது நொடி. அறுபத்தெட்டு.

பிறகு எதுவும் வரவில்லை.

ஆக்சிஜன் பன்னிரண்டு.

போனை எடுத்தாள். மேனேஜர் எண்ணை அடித்தாள். மேனேஜர் எடுத்தார். பின்னால் லாரி உறுமியது, யாரோ எண்களைக் கத்தினார்கள்.

“சார், நிறுத்துங்க. சாவிய எடுத்துட்டு வாங்க. உள்ள ஆள் இருக்கு.”

“என்னது? கேக்கலம்மா.”

“உள்ள ஆள் இருக்கு சார்.”

“ஸ்கிரீன்ல என்ன போட்டிருக்கு? அத வாசிங்க.”

அவள் திரையைப் பார்த்தாள். அவள் எழுதிய வரி. அவள் வாலை வெட்டிய வரி. ஒவ்வொரு நொடியும் புதிதாக, சுத்தமாக, பச்சையாக. அதை எப்படி வாசிப்பாள்? வாயைத் திறந்தாள்.

காதுக்கு மிக அருகில், தம்பியின் குரல் அதை வாசித்தது.

“யாரும் இல்லை சார்.”

“அப்ப சரி” என்றார் மேனேஜர். லாரிச் சத்தத்தோடு போன் அடங்கியது. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. எடை மேடை கிடங்கின் மறுகோடி. ஓடினால் போக ஐந்து நிமிடம், வர ஐந்து நிமிடம். ஆக்சிஜன் பதினொன்றரை. கதவைப் பெயர்க்க இரும்புக் கம்பி வேண்டும், ஆள் வேண்டும். கன்ட்ரோல் ரூம் வாசலுக்கும் அவளுக்கும் நடுவில் அவன் நின்றுகொண்டிருந்தான். எப்போது எழுந்தான் என்று தெரியவில்லை. வழி விட்டான். தடுக்கக்கூட இல்லை.

“போய்ப் பாருக்கா” என்றான்.

ஓடினாள். எடை மேடைக்கு ஓடியிருக்க வேண்டும். கால்கள் இரும்புப் படிக்குப் போய்விட்டன. உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் எந்தப் பக்கமும் அவளால் ஓட முடியாது. கண. கண. கண. படி அவள் எடைக்கு மட்டும் கத்தியது. பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. நாலு படி. எட்டு. மூச்சு வாங்கியது. பன்னிரண்டு. செருப்பு ஒன்று கழன்று கீழே விழுந்து வெகுநேரம் உருண்டது. பதினெட்டு.

கண்ணாடி இருட்டாக இருந்தது.

சுவிட்சைத் தேடினாள். கிடைத்தது. போட்டாள்.

உள்ளே கூரை வரைக்கும் பெட்டிகள். மஞ்சள் வெளிச்சம். இருட்டில் பெட்டிகளைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்திருக்கிறான். மேல் அடுக்கில் குப்புறக் கிடந்தான். முகம் கண்ணாடியை ஒட்டி. உதடு நீலம். கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்தது. டீச்சர் என்றோ அக்கா என்றோ வாய் ஒரு தடவை அசைந்தது.

அவன் வாய்க்கு நேரே கண்ணாடியில் ஒரு வட்டம் பனித்தது. மறைந்தது. மறுபடி பனித்தது, முன்னைவிடச் சின்னதாக. மறைந்தது.

அவள் கத்தினாள். கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தாள். நெற்றியை வைத்து அழுத்தினாள். அவள் மூச்சு பட்டு இந்தப் பக்கமும் பனித்தது. அதைத் துடைத்தாள். மறுபடி பனித்தது. துடைத்தாள்.

அவள் தோளை ஒட்டி அதுவும் குனிந்து பார்த்தது. தம்பியின் கன்னம், தம்பியின் காது, கழுத்தில் தம்பியின் கார்டு. திறந்த வாயைக் கண்ணாடியில் அழுத்தி வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பவனை நொடி தவறாமல் பார்த்தது.

உள்ளே ஒரு காசு அளவு பனித்தது. மறைந்தது.

அது வாய் வைத்திருந்த இடத்தில் கண்ணாடி பளிச்சென்று இருந்தது.